பூஞ்சைச் செல் சவ்வுகளில் கொழுமியங்களின் பரவல்

பூஞ்சைச் செல் சவ்வுகளில் கொழுமியங்களின் பரவல் என்பது, ஒரு பூஞ்சைச் செல்லின் பல்வேறு சவ்வுகளில் எந்தெந்தக் கொழுமியங்கள் எவ்வளவு உள்ளன, அவை சவ்வின் எந்தப் பக்கத்தில், எந்தப் பகுதியில் அமைந்துள்ளன என்பதைக் குறிக்கும். கொழுமியங்கள் லிப்பிடுகள் என்றும் அழைக்கப்படுகின்றன. ஒரு செல்லின் எல்லாச் சவ்வுகளும் ஒரே கலவையால் ஆனவை அல்ல. செல்லைச் சூழ்ந்துள்ள பிளாஸ்மா சவ்வில் எர்கோஸ்டெரால் என்னும் ஸ்டெரால் செறிந்திருக்கிறது. அந்த எர்கோஸ்டெரால் உருவாகும் எண்டோபிளாச வலையிலோ அது மிகக் குறைவாகவே காணப்படுகிறது. கார்டியோலிப்பின் என்னும் கொழுமியம் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டுமே உள்ளது.

இந்த வேறுபாடுகளைச் செல் தொடர்ந்து ஆற்றல் செலவழித்துப் பேணுகிறது. பூஞ்சை நோய்களுக்குப் பயன்படும் மருந்துகளில் பாலியீன்கள், அசோல்கள், அல்லைலமீன்கள் ஆகிய மூன்று முக்கிய வகைகள் எர்கோஸ்டெராலையோ அதன் உற்பத்தியையோ தாக்குகின்றன. எனவே, கொழுமியங்கள் எங்கு உருவாகி எங்கு சென்று சேர்கின்றன என்பது மருத்துவத்துக்கும் முக்கியமான கேள்வியாகும்.

பூஞ்சைச் செல்லின் சவ்வுகள்

பூஞ்சைகள் மெய்க்கருவுயிரிகள். அவற்றின் செல்லை வெளிப்புறத்தில் கைட்டின், குளுக்கான் முதலியவற்றால் ஆன செல் சுவர் சூழ்ந்துள்ளது. சுவருக்கு உட்புறம் பிளாஸ்மா சவ்வு உள்ளது. செல்லுக்குள் உட்கரு உறை, எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு, இரட்டைச் சவ்வு கொண்ட மைட்டோகாண்ட்ரியா, வாக்குவோல், பெராக்சிசோம் ஆகியவை உள்ளன. வாக்குவோல், விலங்குச் செல்லின் லைசோசோம் செய்யும் சிதைவுப் பணியைச் செய்வதோடு சேமிப்பு அறையாகவும் விளங்குகிறது.

இச்சவ்வுகள் அனைத்தும் ஈரடுக்குகளாகும். கொழுமிய மூலக்கூறுகளின் நீர்நாட்டமுள்ள தலைகள் வெளிநோக்கியும், நீர்வெறுக்கும் வால்கள் உள்நோக்கியும் அமைந்திருக்கும். செல்லில் உள்ள கொழுமியத் துளிகள் இதற்கு விதிவிலக்கு. அவற்றின் மையத்தில் டிரைகிளிசரைடுகளும் ஸ்டெரால் எஸ்டர்களும் நிறைந்திருக்கும். அவற்றைச் சுற்றிப் பாஸ்போலிப்பிடுகளின் ஒற்றை அடுக்கு மட்டுமே இருக்கும்.

இத்துறையில் அறியப்பட்டவற்றில் பெரும்பகுதி, ரொட்டி தயாரிக்கப் பயன்படும் ஈஸ்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியேயை ஆராய்ந்து பெறப்பட்டது. மெய்க்கருவுயிரிகளில் முதன்முதலாக முழு மரபணுத்தொகுதியும் வரிசைப்படுத்தப்பட்ட உயிரி இதுவே. அப்பணி 1996-இல் நிறைவடைந்தது. நோய் உண்டாக்கும் கேன்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ், கிரிப்டோகாக்கஸ் ஆகியவை பல அடிப்படைகளில் இந்த ஈஸ்டை ஒத்திருந்தாலும், சில கொழுமியங்களில் அதனின்று வேறுபடுகின்றன.

முக்கியக் கொழுமிய வகைகள்

பூஞ்சைச் சவ்வுகளில் மூன்று பெரும் வகைக் கொழுமியங்கள் உள்ளன.

பாஸ்போலிப்பிடுகள்: பாஸ்பாட்டிடைல்கோலின், பாஸ்பாட்டிடைல்எத்தனாலமைன், பாஸ்பாட்டிடைல்இனோசிடால், பாஸ்பாட்டிடைல்செரின், கார்டியோலிப்பின் ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை. இவற்றுள் முதல் இரண்டும் நடுநிலை மின்தன்மை கொண்டவை. மற்றவை எதிர்மின்சுமை உடையவை. ஒரு சவ்வின் மேற்பரப்பில் எந்தப் புரதங்கள் வந்து ஒட்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்த மின்சுமைக்குப் பங்குண்டு.

ஸ்டெரால்கள்: விலங்குச் செல்களில் கொலஸ்டெரால் ஆற்றும் பணியைப் பெரும்பாலான பூஞ்சைகளில் எர்கோஸ்டெரால் ஆற்றுகிறது. கம்புப்புல் தானியத்தில் வளரும் எர்காட் என்னும் பூஞ்சையிலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர் சார்லஸ் டான்ரே 1889-இல் இதைப் பிரித்தெடுத்தார். பெயரும் அப்பூஞ்சையிலிருந்தே வந்தது. கொலஸ்டெராலில் இல்லாத இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் ஒரு மெத்தில் தொகுதியும் எர்கோஸ்டெராலில் உள்ளன. இச்சிறு வேறுபாடே மனிதச் செல்லையும் பூஞ்சைச் செல்லையும் மருந்துகள் பிரித்தறிய உதவுகிறது. புறஊதா ஒளி பட்டால் எர்கோஸ்டெராலிலிருந்து வைட்டமின் டி2 உருவாகிறது.

ஸ்பிங்கோலிப்பிடுகள்: பூஞ்சைகளின் ஸ்பிங்கோலிப்பிடுகளில் இனோசிடால் பாஸ்பேட் தலைத் தொகுதியாக அமைகிறது. மனிதச் செல்களில் முக்கியமான ஸ்பிங்கோமைலின் ஈஸ்டில் இல்லை. ஈஸ்டின் ஸ்பிங்கோலிப்பிடுகளில் பெரும்பாலும் 26 கார்பன் அணுக்கள் கொண்ட மிக நீண்ட கொழுப்பு அமிலம் காணப்படுகிறது. சாதாரண பாஸ்போலிப்பிடுகளின் கொழுப்பு அமிலங்களில் 16 அல்லது 18 கார்பன்களே இருக்கும்.

சவ்வுகளுக்கிடையிலான வேறுபாடு

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் குன்டர் டவும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஈஸ்டின் சவ்வுகளைத் தனித்தனியே பிரித்தெடுத்து, அவற்றின் கொழுமியக் கலவையை 1991-இல் வெளியிட்டனர். பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு அது அடித்தளமானது. ஒவ்வொரு சவ்வின் தன்மையையும் பின்வருமாறு சுருக்கலாம்.

எண்டோபிளாச வலை: பாஸ்பாட்டிடைல்கோலின் ஏறத்தாழப் பாதியளவும், பாஸ்பாட்டிடைல்எத்தனாலமைன் மூன்றில் ஒரு பங்கும் உள்ளன. எர்கோஸ்டெரால் குறைவு. இதனால் இச்சவ்வு மெல்லியதாகவும் நெகிழ்வாகவும் இருக்கிறது. புதிதாக உருவாகும் புரதங்கள் இச்சவ்வுக்குள் நுழைந்து மடிய வேண்டியிருப்பதால் இந்த நெகிழ்வு தேவைப்படுகிறது.

பிளாஸ்மா சவ்வு: பாஸ்போலிப்பிடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாஸ்பாட்டிடைல்செரின் ஆகும். எண்டோபிளாச வலையிலும் வாக்குவோலிலும் இது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. எர்கோஸ்டெராலும் ஸ்பிங்கோலிப்பிடுகளும் இங்கேயே மிகுதி. செல்லின் தனிநிலை எர்கோஸ்டெராலில் பெரும்பகுதி இச்சவ்வில்தான் உள்ளது. இதனால் சவ்வு தடித்து, இறுக்கமாகி, சிறு மூலக்கூறுகள் எளிதில் கசியாத தடுப்பாக விளங்குகிறது. இச்சவ்வின் குறுக்கே செல்லும் புரதப் பகுதிகளும் எண்டோபிளாச வலைப் புரதங்களில் உள்ளவற்றைவிடச் சராசரியாக நீளமானவை.

மைட்டோகாண்ட்ரியா: இதன் உட்சவ்வில் பாஸ்போலிப்பிடுகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு கார்டியோலிப்பின் ஆகும். நான்கு கொழுப்பு அமில வால்கள் கொண்ட இம்மூலக்கூறு, சுவாசச் சங்கிலியின் புரதத் தொகுதிகளை ஒன்றுசேர்த்து நிலைப்படுத்துகிறது. எர்கோஸ்டெரால் பிளாஸ்மா சவ்வில் உள்ளதைவிட மிகக் குறைவு.

வாக்குவோல்: பாஸ்பாட்டிடைல்கோலினும் பாஸ்பாட்டிடைல்இனோசிடாலும் மிகுதி, பாஸ்பாட்டிடைல்செரின் குறைவு.

கோல்கை உறுப்பு: இது இடைநிலைத் தன்மை உடையது. எண்டோபிளாச வலைக்கு அருகில் உள்ள பக்கத்திலிருந்து பிளாஸ்மா சவ்வை நோக்கிய பக்கத்துக்குச் செல்லச் செல்ல எர்கோஸ்டெராலும் ஸ்பிங்கோலிப்பிடுகளும் கூடுகின்றன. அங்கிருந்து புறப்படும் சுரப்புப் பைகளில் இவ்விரண்டும் செறிந்துள்ளன.

பரவல் வேறுபாடு உருவாகும் விதம்

ஒரு கொழுமியம் உருவாகும் இடமும் அது பணியாற்றும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. பரவல் வேறுபாட்டை உற்பத்தி இடம், கடத்தல், திரும்பிச் செல்வதைத் தடுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்குகின்றன.

உற்பத்தி இடங்கள்

பெரும்பாலான பாஸ்போலிப்பிடுகளும் எர்கோஸ்டெராலும் செராமைடும் எண்டோபிளாச வலையில் உருவாகின்றன. செராமைடு கோல்கை உறுப்பை அடைந்த பிறகே இனோசிடால் பாஸ்பேட்டுடன் இணைந்து ஸ்பிங்கோலிப்பிடாகிறது. கார்டியோலிப்பின், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலேயே உருவாகி அங்கேயே தங்குகிறது.

பாஸ்பாட்டிடைல்கோலின் உருவாகும் ஒரு வழி, சவ்வுகளுக்கிடையிலான போக்குவரத்து எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டுகிறது. எண்டோபிளாச வலையில் உருவாகும் பாஸ்பாட்டிடைல்செரின் முதலில் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் செல்கிறது. அங்கு ஒரு நொதி அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கி, அதைப் பாஸ்பாட்டிடைல்எத்தனாலமைனாக மாற்றுகிறது. பின்னர் இம்மூலக்கூறு எண்டோபிளாச வலைக்குத் திரும்பி, மூன்று மெத்தில் தொகுதிகளைப் பெற்றுப் பாஸ்பாட்டிடைல்கோலினாகிறது. ஒரு மூலக்கூறு முழுமை பெற இரண்டு உறுப்புகளுக்கிடையே போய் வர வேண்டியிருக்கிறது.

பைகள் வழிக் கடத்தல்

எண்டோபிளாச வலையிலிருந்து கோல்கை உறுப்புக்கும், அங்கிருந்து பிளாஸ்மா சவ்வுக்கும் சிறு சவ்வுப் பைகள் பயணிக்கின்றன. இவை புரதங்களைச் சுமப்பதோடு, தம் சவ்வாக அமைந்துள்ள கொழுமியங்களையும் கொண்டு சேர்க்கின்றன. இப்பாதையின் மரபணுக்களை ரேண்டி ஷெக்மன் ஈஸ்டில் கண்டறிந்தார். இதற்காக அவர் 2013-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

தொடுகை இடங்கள்

பைகளின் போக்குவரத்து நின்றுபோன ஈஸ்ட் திரிபுகளிலும் எர்கோஸ்டெரால் பிளாஸ்மா சவ்வைச் சென்றடைவது கண்டறியப்பட்டது. எனவே வேறொரு வழி இருக்க வேண்டும் என்று தெரிந்தது. சவ்வுகள் ஒன்றோடொன்று இணையாமல், சில பத்து நானோமீட்டர் இடைவெளிக்குள் நெருங்கி நிற்கும் தொடுகை இடங்களே அவ்வழி. ஈஸ்டில் எண்டோபிளாச வலையின் கணிசமான பகுதி பிளாஸ்மா சவ்வை ஒட்டியே விரிந்துள்ளது. இந்த இடைவெளியில் கொழுமியக் கடத்துப் புரதங்கள் செயல்படுகின்றன. இப்புரதங்களில் உள்ள குழியில் கொழுமியத்தின் நீர்வெறுக்கும் பகுதி மறைந்துகொள்வதால், அது நீர் நிறைந்த சைட்டோபிளாசத்தைக் கடந்து செல்ல முடிகிறது.

ஈஸ்டில் உள்ள ஏழு ஓஷ் புரதங்களில் ஓஷ்6, ஓஷ்7 ஆகியவை பாஸ்பாட்டிடைல்செரினை எண்டோபிளாச வலையிலிருந்து பிளாஸ்மா சவ்வுக்குக் கொண்டு செல்கின்றன. திரும்பும்போது பாஸ்பாட்டிடைல்இனோசிடால்-4-பாஸ்பேட்டை எடுத்து வருகின்றன. எண்டோபிளாச வலையில் உள்ள சாக்1 என்னும் நொதி அந்தப் பாஸ்பேட்டை உடனே நீக்கிவிடுகிறது. பிளாஸ்மா சவ்வில் உள்ள மற்றொரு நொதி, ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து அந்தப் பாஸ்பேட்டை மீண்டும் சேர்க்கிறது. இவ்வாறு ஒரு பக்கம் உருவாக்கமும் மறுபக்கம் அழிப்பும் நடப்பதால், பாஸ்பாட்டிடைல்செரின் செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்குச் செல்ல முடிகிறது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் எண்டோபிளாச வலைக்கும் இடையே எர்ம்ஸ் என்னும் நான்கு புரதங்களின் தொகுதி இணைப்பாக உள்ளது. இது 2009-இல் ஈஸ்டில் கண்டறியப்பட்டது.

எர்கோஸ்டெராலைத் தக்கவைத்தல்

பிளாஸ்மா சவ்வைச் சென்றடைந்த எர்கோஸ்டெரால் ஏன் மீண்டும் சமமாகப் பரவிவிடுவதில்லை? ஸ்பிங்கோலிப்பிடுகளோடும், நிறைவுற்ற வால்கள் கொண்ட பாஸ்போலிப்பிடுகளோடும் ஸ்டெரால்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு நிற்க விழைகின்றன. இக்கொழுமியங்கள் மிகுந்துள்ள சவ்வில் எர்கோஸ்டெரால் நிலைத்திருக்கும்; அவை குறைந்துள்ள எண்டோபிளாச வலையில் தங்காது. தேவைக்கு மேற்பட்ட எர்கோஸ்டெரால், கொழுப்பு அமிலத்துடன் இணைந்து எஸ்டராகிக் கொழுமியத் துளிகளில் சேமிக்கப்படுகிறது.

சவ்வின் இரு அடுக்குகள்

ஒரே சவ்வின் இரு அடுக்குகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிளாஸ்மா சவ்வில் பாஸ்பாட்டிடைல்செரினும் பாஸ்பாட்டிடைல்எத்தனாலமைனும் பெரும்பாலும் சைட்டோபிளாசத்தை நோக்கிய உள் அடுக்கில் உள்ளன. ஸ்பிங்கோலிப்பிடுகள் வெளி அடுக்கில் செறிந்துள்ளன.

இச்சமச்சீரின்மையைப் பேணுபவை ஃபிளிப்பேஸ் நொதிகள். இவை ஏடிபியைப் பயன்படுத்தி, குறிப்பிட்ட பாஸ்போலிப்பிடுகளை வெளி அடுக்கிலிருந்து உள் அடுக்குக்குப் புரட்டுகின்றன. ஈஸ்டில் இத்தகைய நொதிகள் ஐந்து உள்ளன. டிஎன்எஃப்1, டிஎன்எஃப்2 ஆகியவை பிளாஸ்மா சவ்விலும், டிஆர்எஸ்2 கோல்கை உறுப்பின் கடைசிப் பகுதியிலும் பணிபுரிகின்றன.

உள் அடுக்கில் சேரும் பாஸ்பாட்டிடைல்செரின் அப்பரப்புக்கு எதிர்மின்சுமையை அளிக்கிறது. செல் எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சிடிசி42 புரதம் உரிய இடத்தில் குவிய இது உதவுகிறது. ஈஸ்டில் மொட்டு அரும்பும் இடம் இவ்வாறே உறுதிப்படுகிறது.

சவ்வின் தளத்தில் காணப்படும் பகுதிகள்

சவ்வின் பரப்பிலும் கொழுமியங்கள் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஈஸ்டின் பிளாஸ்மா சவ்வில் ஐசோசோம் எனப்படும் சிறு பள்ளங்கள் உள்ளன. இவற்றில் எர்கோஸ்டெராலும், ஆர்ஜினைன் போன்ற ஊட்டப்பொருள்களைக் கடத்தும் சில புரதங்களும் சேர்ந்துள்ளன. ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றும் பிஎம்ஏ1 புரதம் இப்பள்ளங்களைத் தவிர்த்த பகுதியில் பரவியுள்ளது.

இழை வடிவில் வளரும் பூஞ்சைகளில், வளரும் இழையின் நுனியில் ஸ்டெரால்கள் செறிந்திருப்பது சாயமேற்றிய நுண்ணோக்கிப் படங்களில் தெரிகிறது. கேன்டிடா அல்பிகன்ஸ் ஈஸ்ட் வடிவிலிருந்து இழை வடிவுக்கு மாறும்போதும் இது காணப்படுகிறது. இவ்வடிவ மாற்றம், திசுக்களுக்குள் ஊடுருவ அப்பூஞ்சைக்கு உதவும் பண்புகளுள் ஒன்று.

ஊட்டம் குறைந்து வளர்ச்சி நின்ற ஈஸ்டின் வாக்குவோல் சவ்வில் ஸ்டெரால் செறிந்த பகுதிகளும் செறிவற்ற பகுதிகளும் தெளிவாகப் பிரிந்துவிடுகின்றன. கொழுமியத் துளிகள் ஸ்டெரால் செறிந்த பகுதிகளின் வழியாக வாக்குவோலுக்குள் சென்று சிதைக்கப்படுகின்றன.

சூழலுக்கேற்ற மாற்றம்

வெப்பநிலை குறைந்தால் சவ்வுகள் இறுகும். அப்போது பூஞ்சை, கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகளைக் கூட்டி நெகிழ்வை மீட்கிறது. ஈஸ்டில் இப்பணியைச் செய்யும் நொதி ஓஎல்இ1 ஆகும். எண்டோபிளாச வலையில் பதிந்துள்ள எம்ஜிஏ2 என்னும் புரதம், கொழுமிய வால்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன என்பதை உணர்ந்து அந்நொதியின் உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறது.

எர்கோஸ்டெராலையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் உருவாக்க ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் முற்றிலும் இல்லாத சூழலில் ஈஸ்ட் தொடர்ந்து வளர வேண்டுமானால், இவ்விரண்டும் வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். இதனாலேயே பீர் தயாரிப்பில் நொதித்தல் தொடங்கும் முன் தானியச் சாற்றில் காற்றூட்டப்படுகிறது.

ஆய்வு முறைகள்

செல்லை உடைத்து, மையவிலக்கியில் அடர்த்தி வாரியாகச் சவ்வுகளைப் பிரித்து, அவற்றின் கொழுமியங்களைப் பகுப்பாய்வு செய்வது நெடுங்கால முறை. முன்பு மெல்லடுக்கு வண்ணப்பிரிகை பயன்பட்டது. இப்போது நிறைமாலையியல் மூலம் ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான கொழுமிய வகைகளை அளவிட முடிகிறது. தொடுகை இடங்களில் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், ஒரு சவ்வை மற்றொன்றின் கலப்பின்றிப் பிரிப்பது கடினம். எர்கோஸ்டெரால் குறைந்த சவ்வில் சிறிதளவு பிளாஸ்மா சவ்வு கலந்தாலும் அளவீடு பெரிதும் மாறிவிடும். எனவே ஸ்டெராலுடன் பிணைந்து ஒளிரும் ஃபிலிப்பின் சாயம், பாஸ்பாட்டிடைல்செரினுடன் பிணையும் ஒளிரும் புரதம் ஆகியவற்றால் செல்லை உடைக்காமல் பார்ப்பதும் உடன் கையாளப்படுகிறது.

மருத்துவ முக்கியத்துவம்

மனிதச் செல்லும் பூஞ்சைச் செல்லும் மெய்க்கரு உடையவை. எனவே பாக்டீரியாவைக் கொல்வதுபோல் பூஞ்சையை மட்டும் தனித்துத் தாக்குவது எளிதன்று. எர்கோஸ்டெரால் அத்தகைய அரிய வேறுபாடுகளுள் ஒன்று.

பாலியீன்கள்: எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் ஆகியோர் 1950-இல் அறிவித்த நிஸ்டாட்டினும், பின்னர் வந்த ஆம்போடெரிசின் பி-யும் பிளாஸ்மா சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலுடன் நேரடியாகப் பிணைகின்றன. இவை சவ்வில் துளைகளை உண்டாக்குகின்றன என்பது பழைய விளக்கம். ஆம்போடெரிசின் சவ்வின் மேல் திரண்டு, பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் எர்கோஸ்டெராலை வெளியே இழுத்துவிடுகிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. இம்மருந்து கொலஸ்டெராலுடனும் ஓரளவு பிணைவதால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கொழுமியப் பைகளில் அடைத்துத் தரப்படும் லிப்போசோம் வடிவத்தில் இப்பாதிப்பு குறைவு.

அசோல்களும் அல்லைலமீன்களும்: ஃபுளுகோனசோல் போன்ற அசோல்கள் எண்டோபிளாச வலையில் உள்ள இஆர்ஜி11 நொதியைத் தடுக்கின்றன. டெர்பினாஃபைன் அதே உற்பத்திப் பாதையின் முந்தைய படியில் உள்ள ஸ்குவாலீன் எப்பாக்சிடேசைத் தடுக்கிறது. தடை ஏற்படுவது எண்டோபிளாச வலையில். அதன் விளைவு பெரிதாகத் தெரிவது பிளாஸ்மா சவ்வில்.

மருந்தெதிர்ப்பு: இஆர்ஜி11 நொதியின் அமைப்பு மாறினால் அசோல்கள் அதனுடன் சரியாகப் பிணைவதில்லை. கேன்டிடா ஆரிஸ் பூஞ்சையில் இவ்வகை மாற்றங்கள் பரவலாக உள்ளன. எர்கோஸ்டெராலுக்குப் பதிலாக வேறு ஸ்டெரால்களைச் சவ்வில் சேர்த்துக்கொள்ளும் திரிபுகள் ஆம்போடெரிசினிலிருந்து தப்புகின்றன. உலக சுகாதார அமைப்பு 2022-இல் வெளியிட்ட பூஞ்சை நோய்க்கிருமிகளின் முன்னுரிமைப் பட்டியலில் கேன்டிடா ஆரிஸ் மிக உயர்ந்த பிரிவில் இடம்பெற்றுள்ளது.

கருப்புப் பூஞ்சை நோய்: கோவிட்-19 பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, 2021-இல் இந்தியாவில் மியூக்கோர்மைக்கோசிஸ் பெருமளவில் பரவியது. தமிழ்நாடு அரசு அவ்வாண்டு மே மாதத்தில் இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. இப்பூஞ்சைகளிடம் ஃபுளுகோனசோலும் வோரிகோனசோலும் பயன் தருவதில்லை. அதனால் ஆம்போடெரிசின் பி முதன்மை மருந்தானது. அதற்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

விதிவிலக்கு: நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நியூமோசிஸ்டிஸ் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் இல்லை. அது நோயாளியின் உடலிலிருந்து பெறும் கொலஸ்டெராலைப் பயன்படுத்துகிறது. எனவே ஆம்போடெரிசினும் அசோல்களும் அந்நோய்க்குப் பயன்படுவதில்லை. அதற்கு ஃபோலிக் அமிலப் பாதையைத் தடுக்கும் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாமெத்தாக்சசோல் கூட்டு மருந்தே முதன்மையானது.

புதிய இலக்குகள்: ஸ்பிங்கோலிப்பிடில் இனோசிடால் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி மனிதர்களிடம் இல்லை. ஆரியோபாசிடின் ஏ என்னும் சேர்மம் அந்நொதியைத் தடுக்கிறது. பாஸ்பாட்டிடைல்செரினைப் பூஞ்சைகள் உருவாக்கும் முறையும் மனிதச் செல்லின் முறையிலிருந்து வேறுபட்டது. அதற்குரிய சிஎச்ஓ1 மரபணு நீக்கப்பட்ட கேன்டிடா அல்பிகன்ஸ், எலிகளில் நோயை உண்டாக்கும் திறனை இழந்தது. ரொட்டி ஈஸ்டில் இல்லாத குளுக்கோசைல்செராமைடு என்னும் கொழுமியம் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸில் உள்ளது. அதை உருவாக்க முடியாத திரிபுகள் எலிகளின் மூச்சுவழி செலுத்தப்பட்டபோது நோயை உண்டாக்கவில்லை. முள்ளங்கி விதையில் உள்ள ஒரு தற்காப்புப் புரதம் குளுக்கோசைல்செராமைடைப் பற்றிக்கொண்டே பூஞ்சைகளைத் தாக்குகிறது. இவ்வழிகளில் புதிய மருந்துகளைக் கண்டறியும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.